மணிக்கு மணி முடிச்சு: முத்துச்சரம் கோக்கப் பழகுவோருக்கு

நல்ல முத்துச்சரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முத்துக்கும் அடுத்த முத்துக்கும் நடுவே கடுகளவு முடிச்சு ஒன்று இருக்கும். அது அலங்காரத்துக்காகப் போட்டதன்று. சரம் அறுந்தால் கல்யாண மண்டபம் முழுக்க முத்து சிதறாமல், ஒன்றே ஒன்று மட்டும் விழ வேண்டும் என்பதற்காகப் போட்டது. இன்னொரு காரணமும் உண்டு. முத்து மிக மென்மையான பொருள். பக்கத்து முத்தோடு ஓயாமல் உரசினால் துளையைச் சுற்றியுள்ள மெருகு தேய்ந்துவிடும்.

மணி கோக்கத் தெரிந்த பலரும் இந்த முடிச்சுக்குப் பயந்தே முத்தைத் தொடுவதில்லை. உண்மையில் கடினமான இடம் ஒன்றுதான். அதை மட்டும் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

ஹைதராபாதில் சார்மினாரைச் சுற்றியுள்ள கடைகளில் நன்னீர் முத்துகள் 16 அங்குலச் சரமாகவே விற்கின்றன. சென்னை சௌகார்பேட்டையிலும் கிடைக்கும். முதல் மாலைக்கு 7 மி.மீ. உருண்டை முத்து போதும். ஒரு சரத்தில் ஏறக்குறைய 57 இருக்கும். அதற்கும் முன்னால் 8 மி.மீ. கண்ணாடி முத்தில், சற்றுத் தடித்த நூலை வைத்துப் பழகுங்கள். கண்ணாடி முத்தின் துளை பெரிது. மெல்லிய நூலில் போட்ட முடிச்சு அதற்குள் நழுவிப் போய்விடும்.

நூல் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பட்டு நூல்தான். தூண்டில் நரம்பு மலிவு, உறுதி, எல்லாம் சரி. ஆனால் அதில் முடிச்சு படியாது, மாலை கழுத்தில் கம்பிபோல் விறைத்து நிற்கும். கிரிஃபின் நிறுவனத்தின் பட்டு நூல் அட்டையில் சுற்றி 2 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதில் 1-ஆம் எண் நூலின் தடிமன் 0.35 மி.மீ. நன்னீர் முத்தின் துளை பெரும்பாலும் 0.7 மி.மீ. அளவில் இருக்கும் என்பதால், அந்த நூலை இரட்டையாக்கினால் துளையை நிறைத்து நிற்கும். இரட்டை நூலை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. மூன்றாம் படியில் வருகிறது.

இவை தவிர, முறுக்குக் கம்பி ஊசி, மெல்லிய குத்தூசி, தட்டைக் குறடு, கொக்கி, முடிச்சை மறைக்கும் சிறு கிண்ண மூடிகள் இரண்டு. கடையில் கிளாம்ஷெல் என்று கேளுங்கள். அடியில் துளையுள்ள வகையை வாங்குங்கள். முடிச்சுப் போடுவதற்கென்றே ஒரு கருவி விற்கிறார்கள். ஆரம்பத்தில் அது வேண்டாம். நூல் எங்கே இறுகுகிறது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். கருவி அதைத் தெரியவிடாது.

1. நூலைத் தயார் செய்தல்

அட்டையில் சுற்றியிருந்த நூலில் மடிப்புகள் இருக்கும். முழு நீளத்தையும் பிரித்து, கைக்குக் கை இழுத்து நீவிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், கட்டி முடித்த மாலை போடப் போடத் தளர்ந்து முடிச்சுகளுக்கிடையே நூல் எட்டிப் பார்க்கும். பிறகு ஊசியில் கோத்து இரட்டையாக்கி, இரு நுனிகளையும் சேர்த்து முடிச்சிடுங்கள். மாலையின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு நூல் தேவை. 40 செ.மீ. மாலைக்கு 2 மீட்டர் மட்டாகப் போதும், எதையும் வெட்டிவிடாதீர்கள்.

2. தொடக்கம்

கிண்ண மூடியின் உள்ளிருந்து வெளியே ஊசியை இழுங்கள். நுனி முடிச்சு கிண்ணத்துக்குள் உட்காரும். மூடிக்கு வெளியே ஒரு முடிச்சு. அடுத்து முதல் முத்து.

முத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து முடிச்சிடுங்கள். எல்லாவற்றையும் முதலில் கோத்துவிட்டுப் பிறகு முடிச்சிடும் முறையும் இருக்கிறது. கை தேர்ந்தவர்களுக்கு அதுவே வேகமானது, ஆனால் அடுத்த படியில் சொல்லப்போகும் வசதி அதில் கிடைக்காது.

3. முடிச்சை முத்தோடு ஒட்ட வைத்தல்

பட்டு எங்கே முதலில் கடிக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். முத்துக்கு 2 மி.மீ. தள்ளி இறுகிவிட்டால் பிறகு நகராது. ஆகவே முடிச்சை நகர்த்துவது முதலில், இறுக்குவது கடைசியில். இந்த வரிசை மாறவே கூடாது.

முத்தை முந்தைய முடிச்சோடு ஒட்டத் தள்ளுங்கள். இடது கையின் ஆள்காட்டி, நடு விரல்கள்மீது நூலை ஒருமுறை சுற்றுங்கள். இதுவரை கோத்த பகுதி முழுவதையும் அந்த வளையத்துக்குள் போட்டு, விரல்களை உருவுங்கள். முத்துக்குச் சற்று மேலே தளர்ந்த வளையம் ஒன்று நிற்கும்.

இப்போது இழுக்காதீர்கள். வளையத்துக்குள் குத்தூசியை நுழையுங்கள். ஊசிமுனையை முத்தின் துளைவாய்க்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, வலது கையால் நூலை மெல்ல இழுங்கள். வளையம் சுருங்கிச் சுருங்கி ஊசியைச் சுற்றிப் படியும். ஊசி உள்ளே இருக்கும்வரை முடிச்சு பூட்டிக்கொள்ளாது. எங்கே வேண்டுமானாலும் நகரும். ஊசியும் முத்தும் தொட்டுக்கொண்டதும் இடது கட்டைவிரல் நகத்தை முடிச்சுக்குப் பின்னால் வைத்து முத்தை நோக்கி அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமல் ஊசியை உருவுங்கள். உருவும் அந்த நொடியில் நகம் தளர்ந்தால் முடிச்சு பின்வாங்கிவிடும். பெரும்பாலோருக்கு இடைவெளி விழுவது அங்கேதான்.

அடுத்தது இரட்டை நூலின் பயன். முடிச்சிலிருந்து வெளிவரும் இரண்டு இழைகளையும் பிரித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் இழுங்கள். இழைகள் விலக விலக, முடிச்சு தானாகவே முத்தின் பக்கம் தள்ளப்பட்டு அமர்ந்துகொள்ளும். ஒற்றை நூலில் இந்த உதவி கிடையாது.

பத்து முத்து ஆனதும் சரத்தைத் தூக்கிப் பாருங்கள். குழைந்து தொங்க வேண்டும். அதே சமயம் அடுத்தடுத்த இரு முத்துகளை விலக்கினால் வெற்று நூல் தெரியக் கூடாது. விறைப்பாக நின்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

வடநாட்டில் நகை கோப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பட்வா சமூகத்தினர், தரையில் அமர்ந்து கால் பெருவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். இரு கையும் முடிச்சுக்கே கிடைத்துவிடுகிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு! நமக்கு அது பழகும்வரை, வளையம் போட்டு முடித்தபின் இறுக்கும்போது மட்டும் கிண்ண மூடியை ஒரு தலையணையில் குண்டூசியால் குத்தி வைத்துக்கொள்ளலாம்.

4. முடிப்பது

கடைசி முடிச்சுக்குப் பின் இரண்டாவது கிண்ண மூடியை வெளியிலிருந்து உள்ளாகக் கோத்து, கிண்ணத்துக்குள் முடிச்சிடுங்கள். இங்கும் குத்தூசி முறைதான். முடிச்சில் ஒரு சொட்டு ஹைப்போ சிமென்ட் பசை. உடனடியாக ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். அது பட்டை விறைக்க வைக்கும், விறைத்த விளிம்பில் நூல் ஒடியும். பசை காய்ந்த பிறகு மிச்ச நூலை வெட்டி, குறடால் மூடியைச் சாத்தி, கொக்கியை மாட்டுங்கள்.

பின்சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் கேட்டவை

*மாலை எதிர்பார்த்ததைவிட நீளமாகிவிட்டது.* ஆகத்தான் செய்யும். முடிச்சு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. சேர்க்கிறது, 57 முத்துகளில் அது 5 செ.மீ.க்கு மேல். 40 செ.மீ. மாலைதான் வேண்டுமென்றால் ஏழெட்டு முத்துகளைத் தோடுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இதை மேலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதியவருக்கு நன்றி.

*முடிச்சு முத்துக்குத் தள்ளி இறுகிவிட்டது, அறுக்க வேண்டுமா?* இன்னும் பலமாக இழுக்கவில்லை என்றால் அவிழ்க்கலாம். இரண்டு மெல்லிய ஊசிகளை முடிச்சின் இரு பக்கமும் நுழைத்து, எதிரெதிராக மெல்ல விரியுங்கள். இழை பிரிந்து பஞ்சுபோட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அந்த நூல் அதற்குமேல் நம்பத் தகுந்ததன்று.

*சில முத்துகளில் ஊசி நுழையவில்லை.* ஒரே சரத்திலும் துளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. வைரத்தூள் பூசிய துளை அரம் கிடைக்கிறது. முத்தையும் அரத்தையும் தண்ணீரில் நனைத்து, கையாலேயே மெதுவாகத் திருகுங்கள். உலர்ந்த முத்தில் அரத்தைப் போட்டால் துளைவாய் பெயர்ந்துவிடும். தூளை மூச்சில் இழுப்பதும் கேடு. கோக்கும் முன் முத்து நன்றாகக் காய வேண்டும்.

*மாலையைக் கழுவலாமா?* நனைக்காதீர்கள், ஈரப் பட்டு நீளும், அழுக்கையும் பிடிக்கும். கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முத்து கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வியர்வை, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அதை அரிக்கும். வாசனைத் திரவியம் பூசி உலர்ந்த பிறகே மாலையைப் போடுங்கள். அடிக்கடி அணிபவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பழைய நூலை வெட்டிவிட்டுப் புதிதாகக் கோத்துக்கொள்ள வேண்டும்.