நல்லூரில் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

ஊருக்குப் போகும் எங்களில் பலர் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனை செய்து, பக்கத்துக் கடையில் ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அரை நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். பருத்தித்துறை வீதியில் சிறு நடைத் தூரத்துக்குள் யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகரம் சிதறிக் கிடக்கிறது. வெயில் ஏறமுன், காலை 7 மணிக்கே கிளம்பினால் நல்லது.

முதலில் கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். திருவிழாவின் 25 நாளும் சுற்றுவட்ட வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அங்கே சொல்லப்படும் கட்டியத்தை, அதாவது உரக்கச் சொல்லும் புகழுரையை, காது கொடுத்துக் கேளுங்கள். கோயிலைக் கட்டியவராகப் புவனேகபாகு என்ற பெயர் வரும். அது யார் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரி என்கிறார்கள் சிலர். தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் என்கிறார்கள் வேறு சிலர். 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன் அவன். வளர்ப்புத் தந்தை இறந்து பேரன் அரியணை ஏறியதும், தெற்கே போய் அவனை வீழ்த்தி, ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடினான். வளர்ப்பு மகனா, மகள் வயிற்றுப் பேரனா என்ற சண்டை அங்கே நடக்க, முடியிழந்து தமிழகத்துக்குத் தப்பியிருந்த யாழ்ப்பாண அரசன் கனகசூரிய சிங்கையாரியன் 1467 இல் திரும்பி வந்து தன் முடியை மீட்டுக்கொண்டான்.

அடுத்தது முத்திரைச் சந்தியில் குதிரை மேல் நிற்கும் சங்கிலியன் சிலை. இங்கே பிள்ளைகளுக்குக் கவனமாகக் கதை சொல்லுங்கள். சங்கிலி என்ற பெயரில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள், எங்கள் பெரியவர்களே இருவரையும் ஒன்றாக்கிவிடுவார்கள். முதலாமவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன். மற்றவன் சங்கிலி குமாரன். 1591 இல் போர்த்துக்கேயர் அரியணையில் ஏற்றிய எதிர்மன்னசிங்கம் 1617 இல் இறந்தபோது, வாரிசு சிறு குழந்தை. குழந்தைக்காக ஆளவேண்டிய அரசகேசரியைக் கொன்று சங்கிலி குமாரன் அதிகாரத்தைக் கைப்பற்றினான். பின்னர் தஞ்சை நாயக்கரின் உதவியோடு போர்த்துக்கேயரை எதிர்த்தான். 1619 இல் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டான். எங்கள் கடைசி அரசனை முறையான வாரிசு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்நியனை எதிர்த்து உயிர் கொடுத்ததும் உண்மை, உறவின் இரத்தத்தின் மேல் ஆட்சியைப் பிடித்ததும் உண்மை. இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை இந்த மண்ணை இன்னும் நெருக்கமாக அறியும் என்று நம்புகிறேன். நேரம் இருந்தால் நீர்வேலிக்கும் போங்கள். அங்கே அரசகேசரியின் பெயரில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது.

சந்திக்கு அருகிலுள்ள சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கும் இடத்தில்தான் பழைய கந்தசுவாமி கோயில் இருந்தது என்பார்கள். அந்தக் கோயிலை 1621 இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அரண்மனை இருந்ததாகச் சொல்லப்படும் சங்கிலித்தோப்பில் மிஞ்சியது வாசல் வளைவு மட்டுமே. மந்திரி மனையில் இப்போது நிற்கும் கட்டடம் இராச்சியம் விழுந்த பின் எழுந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. சுவர்கள் பலவீனமானவை, வெளியே நின்று பார்த்தால் போதும்.

கடைசியாக யமுனா ஏரிக்கு வழி கேட்டுப் போங்கள். ‘ப’ எழுத்தின் வடிவில் வெட்டிய கேணி அது. யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து அரசன் இதில் கலந்தான் என்பது ஊர்க்கதை. மழைக்காலத்தில் படிகள் வழுக்கும், சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.