மூளைக்கு பெப்டைடா? காசு கொடுக்கும் முன் இப்படிச் சரிபாருங்கள்

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, புரதத்தின் துண்டு மாதிரி. செமாக்ஸ், செரிப்ரோலைசின், டைஹெக்ஸா. ஞாபகசக்தி கூடும், அடிபட்ட மூளை தேறும் என்று சொல்லி மூன்றையும் ஒரே கடையில் வைத்து விற்கிறார்கள். முதல் வேலையாக மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு இருக்கிற ஆதாரத்தைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் இங்கே வழக்கம்.

அடுத்து, எந்தப் பெயரைக் கேட்டாலும் "யாரிடம் சோதித்தார்கள்?" என்று கேளுங்கள். டைஹெக்ஸாவை எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவானது. மூளையின் சொந்த வளர்ச்சிப் புரதமான பிடிஎன்எஃப்பைவிட ஒரு கோடி மடங்கு வீரியம் என்று விளம்பரத்தில் வரும். அந்தக் கணக்கு ஆய்வகத்தில் வந்தது, மனிதர்களிடம் பார்த்தது இல்லை. ஞாபகச் சோதனைகள் எலிகளிடம் நடந்தவை. அந்த ஆய்வின் வழியில் மருந்து தயாரிக்கக் கிளம்பிய அதிரா நிறுவனத்தின் தலைவர், மாணவியாக இருந்தபோது எழுதிய கட்டுரைகளில் படங்களை மாற்றியது தெரியவந்து 2021இல் பதவி விலகினார். அந்த நிறுவனம் அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்த ஃபாஸ்கோனிமெட்டான் ஊசியும் 2024இல் இலக்கை எட்டவில்லை. டைஹெக்ஸா தூண்டுவதாகச் சொல்லப்படும் ஹெச்ஜிஎஃப் பாதை, அதாவது செல்களை வளரச் சொல்லும் சமிக்ஞை, புற்றுநோய் வளர்ச்சியிலும் பங்கு கொள்வது. எனக்கு இவ்வளவு போதும், டைஹெக்ஸா பக்கமே போக மாட்டேன்.

செமாக்ஸ் கதை வேறு. 1980களில் சோவியத் ரஷ்யாவில் உருவான ஏழு அமினோ அமிலச் சங்கிலி, மூக்கில் விடும் சொட்டு மருந்து, அங்கே பக்கவாதத்துக்கு மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடையாது. பக்கவாத நோயாளிக்குக் கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு மூளை கூர்மையாகும் என்று ஆகிவிடாது, அது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம்.

செரிப்ரோலைசின் பன்றி மூளைப் புரதத்தை நொதியால் உடைத்து எடுப்பது, ஆஸ்திரியத் தயாரிப்பு, இந்தியாவிலும் கிடைக்கிறது. வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து இதை வாங்கிவரச் சொன்னால் கொஞ்சம் நின்று பேசுங்கள். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வில், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் இது மரணத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை, மரணத்தில் முடியாத ஆனால் தீவிரமான பக்கவிளைவுகள் கூடலாம் என்றும் வந்தது. "இதனால் என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள் டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பிசியோதெரபிக்குப் போகட்டும் என்பது என் கட்சி.

அப்புறம் குப்பி. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டியிருந்தால், உங்கள் உடம்புக்கு ஒன்று ஆனால் விற்றவன் பொறுப்பில்லை என்று அர்த்தம். கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி சோதனையில் 99 சதவீதத் தூய்மை என்ற சான்றிதழைக் காட்டுவார்கள். அது கிருமி இருக்கிறதா, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கெல்லாம் தனிச் சோதனை உண்டு. உள்ளே இருப்பது அந்தப் பெப்டைடுதானா என்று அறிய மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அறிக்கை வேண்டும். குப்பியின் பேட்ச் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள், சோதித்த ஆய்வகத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் சரக்கு அசல் என்றுதான் தெரியும், வேலை செய்யும் என்று தெரியாது. மாத்திரையாக விற்றால் இன்னும் சந்தேகப்படுங்கள், பெரும்பாலான பெப்டைடுகள் வயிற்றிலேயே செரித்துப்போகும்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள். மறதியும் மந்தமும்தான் தொல்லை என்றால் முதலில் தைராய்டும் வைட்டமின் பி12ம் பார்த்துவிடுங்கள், பி12ஐக் குறிப்பாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் சுத்த சைவக்காரர்களும். பலமாகக் குறட்டை விடுபவர் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.