நெதர்லாந்தில் கோடைக் காலநிலைப் படிப்பு: ஜனவரியிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் காலநிலை மாற்றம், நீர் மேலாண்மை, நிலைத்தன்மை பற்றிச் சில வாரக் குறும்படிப்புகளை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. உத்ரெக்ட் கோடைப் பள்ளி இவற்றில் நன்கு அறியப்பட்டது. பட்டப்படிப்பில் இருக்கும்போதே சேரலாம்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கல்லூரி நாள்காட்டியை. அவர்களுக்குக் கோடை விடுமுறை ஜூலையில். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் அப்போது அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும். 75 சதவீத வருகைப்பதிவு கேட்கும் இடத்தில் மூன்று வாரம் போனால் திரும்பி வந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க முடியாத நிலை வரலாம். அதனால் துறைத்தலைவரிடம் ‘ஆன் டியூட்டி’ அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே கட்டணம் கட்டுங்கள். வாய்வார்த்தை போதாது, ஜூலைக்குள் துறைத்தலைவரே மாறியிருக்கலாம்.

அடுத்தது கிரெடிட். அங்கே கணக்கு ‘இ.சி.டி.எஸ்.’ என்ற ஐரோப்பியக் கிரெடிட் முறையில். நெதர்லாந்தில் 1 இ.சி.டி.எஸ். என்பது 28 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அறிக்கை எல்லாம் சேர்த்து. ஒரு முழுநேர வாரத்துக்கு 1.5 வரும். இரண்டு வாரப் படிப்பு 6 கிரெடிட் தருகிறது என்று எங்காவது போட்டிருந்தால் கணக்கு இடிக்கிறது என்று பொருள். முன்கூட்டியே படித்து வரவேண்டிய பாடமோ பின்னர் எழுதவேண்டிய கட்டுரையோ இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பக்கம் ஒரு கிரெடிட்டுக்கு 15 வகுப்பு மணி நேரம் என்று எண்ணுவதால் இரண்டும் நேராகப் பொருந்தாது. பாடத்திட்டத்தை மணி நேரக் கணக்கோடு கல்லூரியில் காட்டி, எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படத்தை விட்டுவிட்டுக் களப்பயண அட்டவணையைப் பாருங்கள். வகுப்பறையில் சொல்லும் கார்பன் கணக்கை இங்கேயே இணையத்தில் கற்கலாம். அங்கே போனால்தான் கிடைப்பது வேறு. 1953 வெள்ளத்தில் அந்நாட்டில் 1,836 பேர் இறந்தனர். அதன் பிறகு எழுந்த ‘டெல்டா’ வெள்ளத் தடுப்புக் கட்டுமானங்களில் கடைசிப் பெரிய துண்டு, 1997-இல் முடிந்த மாஸ்லான்ட் புயல் தடுப்பு. அதன் இரண்டு கதவுகளும் தலா 210 மீட்டர் நீளம். அதற்கு நேர்மாறான யோசனை நைமேகன் நகரில்: கரையை உயர்த்தாமல் 350 மீட்டர் உள்ளே தள்ளி, ஆற்றுக்குப் புதிய கிளை வெட்டி இடம் விட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே படிப்பில் காட்டினால் தயங்காமல் சேருங்கள். 2019-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், உமிழ்வை 1990 அளவிலிருந்து 25 சதவீதமாவது 2020-க்குள் குறைக்கும்படி அரசுக்கே இடப்பட்ட ஆணையை உறுதிசெய்த உர்ஜெண்டா வழக்கும் பாடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

விண்ணப்பக் கடிதத்தில் ‘பூமியைக் காக்க விரும்புகிறேன்’ என்று எழுதுவோர்தான் அதிகம். நீங்கள் ஒரு கேள்வி எழுதுங்கள். உதாரணமாக, 2015-இல் மூழ்கி 2019-இல் குடிநீருக்குத் தவித்த சென்னைக்கு எது பொருந்தும்: கதவா, இடம் விடுவதா? நகரங்களின் நீர்ச் சிக்கல்களுக்காக நெதர்லாந்து அரசு முன்னெடுத்த ‘வாட்டர் ஆஸ் லெவரேஜ்’ திட்டத்தில் சென்னையும் ஒரு நகரம் என்பதால் இந்தக் கேள்வி அவர்களுக்கும் புதிதல்ல. ஒரு பக்கம் போதும்.

விசாவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 90 நாளுக்குள் என்பதால் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான) குறுகியகால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும். சில வேளை 45 நாள் வரை இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டத்தால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி, மறுத்தாலும் திரும்பாது. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் எடுத்ததாகவும், ஷெங்கன் பகுதியிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் தேவை. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அது படிப்பு நாட்களுக்கு மட்டுமல்ல, போய் இறங்குவது முதல் கிளம்புவது வரை எல்லா நாளையும் மூட வேண்டும்.

நமக்கே உரிய சிக்கல் இனிஷியல். போனஃபைட் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்த்து முழுதாக இருந்தால் இரண்டும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும். சேர்க்கைக் கடிதம், காப்பீடு, விமான முன்பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே இருக்கட்டும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று இரண்டு லட்சம் ஏறினால் அதுவும் சந்தேகத்துக்கு இடம். பெற்றோர் செலவை ஏற்றால் அவர்கள் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் ஒப்புதல் கடிதத்தோடு இணையுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அடுத்த செமஸ்டர் கட்டிய ரசீது நல்ல சான்று. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதக் கடிதமும் வேண்டும்.

விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்காதீர்கள், முன்பதிவு போதும். விசா மறுக்கப்பட்டால் படிப்புக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேரும் முன் படித்துவிடுங்கள். தங்குமிடத்தைப் படிப்போடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். அந்நாட்டில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமை. சமூக ஊடகத்தில் அறை காட்டி முன்பணம் கேட்டால் பெரும்பாலும் மோசடிதான்.

(போய்வரும் விமானம் ஒருவருக்கு ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு உமிழும். ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ இரண்டு டன். காலநிலை படிக்கப் போகிறவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள்.)

அங்கே மின்னழுத்தம் நம்முடைய 230 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும். ரயிலிலும் பேருந்திலும் வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் அதிகக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். கிளம்பும் முன் பங்கேற்புச் சான்றிதழோடு நிற்காமல், மதிப்பெண்ணும் இ.சி.டி.எஸ். எண்ணிக்கையும் உள்ள பதிவுச்சான்றை (டிரான்ஸ்கிரிப்ட்) கேட்டு வாங்குங்கள். கல்லூரியில் கிரெடிட் ஏற அதுதான் வேண்டும். ஊர் திரும்பிய பின் மின்னஞ்சலில் கேட்டால் ஆகஸ்ட் விடுமுறையில் பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.