கருப்பட்டி பீர் எந்த வகையில் சேரும்?

அத்தை மகன் மெல்போர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். அங்கே சொந்தத் தேவைக்குக் காய்ச்சத் தடையில்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சவே கூடாது. அதனால் பெரம்பூரில் எனக்குள்ள வேலை, அவன் போட்டிக்கு அனுப்பும் பீருக்கு வகை பார்த்துச் சொல்வதுதான். வெளிநாட்டில் புதிதாகக் காய்ச்சும் நம் ஆட்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

1. போட்டி எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பு) வெளியிட்ட 2021 பட்டியல்தான். மொத்தம் 34 பிரிவுகள், இலவசமாகவே கிடைக்கும்.

2. எண்களை எடுங்கள். நொதிக்கும் முன் இருந்த அடர்த்தியிலிருந்து (ஓஜி) நொதித்த பின் உள்ளதை (எஃப்ஜி) கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். கருப்பட்டி சேர்த்த அவனுடைய கறுப்பு பீரில் ஓஜி 1.054, எஃப்ஜி 1.012. அதாவது சுமார் 5.5%. கசப்பு 30 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு). வறுத்த மால்ட்டில் (முளைகட்டிய தானியம்) காய்ச்சும் கறுப்பு பீரைப் போர்ட்டர் என்பார்கள். இங்கிலீஷ் போர்ட்டருக்குக் கசப்பு 18–35, அமெரிக்கன் போர்ட்டருக்கு 25–50. இரண்டிலும் பொருந்துகிறது. ஆனால் இங்கிலீஷ் போர்ட்டரின் ஆல்கஹால் 5.4%க்கு மேல் போகாது, அமெரிக்கனில் 4.8–6.5%. ஆக, எண்கள் அமெரிக்கன் பக்கம் சாய்கின்றன.

3. இனி எண்களை மறந்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். இதுதான் முக்கியமான படி. என்ன காய்ச்ச நினைத்தீர்கள் என்பது நடுவருக்குத் தெரியாது. கோப்பையில் இருப்பதுதான் தெரியும். வறுத்த மால்ட்டின் காட்டமும் கசப்பும் தூக்கலாக இருந்தால் அமெரிக்கன் போர்ட்டர் உறுதி. இன்னொன்று, கிராம்பு வாசனை வந்தவுடன் மசாலா பீர் என்று முடிவு கட்டாதீர்கள். ஜெர்மன் கோதுமை பீரான வைஸ்பியரில் அந்த வாசனையும் வாழைப்பழ வாசனையும் ஈஸ்ட் தருவது.

4. அப்புறம் நம்மூர்ப் பொருட்கள். கருப்பட்டி ருசி நாக்கில் தெரிந்தால் பட்டியலில் 31பி, அதாவது மாற்றுச் சர்க்கரை பீர். தெரியாவிட்டால் போர்ட்டராகவே அனுப்புங்கள். கேழ்வரகுக்கு 31ஏ, அதாவது மாற்றுத் தானிய பீர். சுக்கு, மிளகு, ஏலம் என்றால் 30ஏ, அதாவது மசாலா பீர். காபியும் தேங்காயும்கூட அதில்தான், பழ பீரில் தேடாதீர்கள். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தே தெரிந்தால் 30டி, அதாவது சிறப்பு மசாலா பீர்.

5. படிவத்தில் "சர்க்கரை சேர்த்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. சேர்த்தது பனங்கருப்பட்டி, அடிப்படை வகை அமெரிக்கன் போர்ட்டர் என்று தெளிவாக எழுதுங்கள். கருப்பட்டியைக் கேள்விப்படாத நடுவராக இருக்கலாம். பனைச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது, லேசான புகை வாசனை இருக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் புகையைக் குறையாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்துவிடக்கூடும்.