மரங்களுக்கு நடுவே பனியில் சறுக்க ஆசையா? ஊர் தேர்வில் செய்யக்கூடாத தவறுகள்

துபாயிலிருந்து லீவுக்கு வந்த மருமகன், மண்டபம் தெற்கு ஜெட்டியில் உட்கார்ந்துகொண்டு போனில் ஒரு ரீல்ஸ் காட்டினான். முழங்கால் வரை பனி. இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒருத்தன் காலில் ஸ்கீ பலகை கட்டிக்கொண்டு நெளிந்து நெளிந்து சறுக்கிப் போகிறான். "மாமா, பிப்ரவரியில நாங்க நாலு பேர் இதுக்குத்தான் போறோம். ஹோட்டல்கூட போட்டாச்சு."

எந்த ஊர் என்றேன். சொன்னான். அங்கே மரம் இருக்கா என்றேன். "அதான் வீடியோவுல இருக்கே!" அந்த வீடியோ ஜப்பானில் எடுத்தது. இவர்கள் ரூம் போட்டிருந்தது பிரான்ஸில் வால் தோரன்ஸ். 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பெயருக்குக்கூட ஒரு மரம் கிடையாது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். இந்தக் கரையில் "கடல் எப்படி இருக்கு?" என்று யாரும் மொட்டையாகக் கேட்பதில்லை. வடகடலா, தென்கடலா? வாடைக் காற்றா, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானா? மார்கழி வாடையில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்துக் கிடக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் தொழிலுக்குப் போவார்கள். கச்சான் வீசும் ஆடியில் அப்படியே தலைகீழ். பனிமலைக்கும் இதே கேள்விகள்தான். எந்த உயரம், எந்தப் பக்கம், எந்த மாதம் என்று கேட்காமல் பணம் கட்டுவதுதான் முதல் தவறு.

ஒவ்வொரு மலையிலும் ஓர் உயரத்துக்கு மேல் மரம் வளராது. ஆல்ப்ஸில் ஏறக்குறைய 2,000 மீட்டர் தாண்டினாலே மரங்கள் குறையத் தொடங்கிவிடும். காஷ்மீர் குல்மர்க்கில் ரோப்கார் இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கோங்தூரி வரை. அதற்குக் கீழேதான் காடு. இரண்டாவது கட்டம் அஃபர்வாத் சிகரத்தை ஒட்டி சுமார் 3,950 மீட்டர் வரை ஏறும். மேலே எல்லாம் மொட்டைச் சரிவு. மரம் வேண்டுமென்று போனவர் இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு முழிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மரம் அழகுக்கு மட்டும் இல்லை. பனி கொட்டும் நாளில், மேகம் இறங்கிய நாளில், மொட்டைச் சரிவில் தரை எது வானம் எது என்றே தெரியாது. மேடு பள்ளம் கண்ணில் படாது. கரையில் நிற்கிற பனையையும் கோபுரத்தையும் வைத்து நம்மாட்கள் கடலில் இடம் பிடிக்கிற மாதிரி, அங்கே மரம்தான் கண்ணுக்குப் பிடிமானம்.

ஆனால் எல்லா மரமும் ஒன்றில்லை. ஜப்பானின் நிசெகோவில் பெரும்பாலும் பிர்ச் மரம். குளிரில் இலை உதிர்த்து நிற்கும், இடைவெளி தாராளம். அமெரிக்காவில் ஸ்டீம்போட், அதே மாதிரி இலை உதிர்க்கும் ஆஸ்பென் மரங்களுக்குப் பேர் போனது. ஊசியிலைக் காடு அடர்த்தியாக இருந்தால் உள்ளே திரும்பவே இடமிருக்காது. வடக்குப் பார்த்த சரிவா என்றும் கேளுங்கள். அங்கே வெயில் குறைவு, பனி பல நாள் தூளாகவே நிற்கும்.

அடுத்த தவறு உயிர் சம்பந்தப்பட்டது. வரைபடத்தில் மரம் இருந்தால் உள்ளே போகலாம் என்று நினைப்பது. வட அமெரிக்காவில் ரிசார்ட் எல்லைக்குள் இருக்கிற காட்டை ரோந்துப் படை கவனிக்கும். ஐரோப்பாவில் குறித்த தடத்தை விட்டு விலகினால் உங்கள் பொறுப்பு. ஜப்பானில் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் விதி வேறு. சில இடங்களில் மரத்துக்குள் போனால் பாஸை, அதாவது மலைமேல் ஏற்றும் லிஃப்டுக்கான சீட்டை, பிடுங்கிவிடுவார்கள். நிசெகோவில் திறந்திருக்கும் கேட் வழியாக மட்டுமே எல்லைக்கு வெளியே போகலாம், கயிற்றைத் தாண்டக்கூடாது.

ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் ஒரு குழி இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. விழுகிறவர் பெரும்பாலும் தலைகீழாக விழுவார். அசைய அசையப் பனி சரிந்து மூடும், மூச்சு முட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆட்களை இறக்கிச் செய்து பார்த்த சோதனைகளில் பத்தில் ஒன்பது பேரால் தானாக வெளியே வர முடியவில்லை. அதனால் இரண்டு பேராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படுகிற தூரத்தில்தான் போகவேண்டும். கழுத்தில் விசில் இருக்கட்டும். தடத்துக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் மீட்புக்கும் இன்சூரன்ஸ் பணம் தருமா என்று பாலிசியை வரி விடாமல் படியுங்கள்.

"நான் ஸ்கீ துபாய்ல நல்லா ஓட்டுவேன் மாமா" என்றான். அங்கே நீளமான தடம் 400 மீட்டர், இறக்கம் 60 மீட்டர், கூரைக்குக் கீழே அமுக்கிச் சமன் செய்த பனி. நீச்சல் குளத்தில் பழகியவனை வாடையில் வள்ளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்?

சிலர் மரத்தோடு டெரைன் பார்க்கும் வேண்டும் என்பார்கள். குதிக்கவும் கம்பியில் வழுக்கவும் கட்டிய அந்தத் திடல், மரத்துக்கு நேர் எதிரான சமாசாரம். தூள்பனி பெரிதாகக் கொட்டினால் திடலை மூடி மறுபடி செதுக்கவேண்டும். பெரிய குதிமேடுகளுக்கு நிறையப் பனி தேவை. சீசன் தொடக்கத்தில் போனால் நாலு சின்னக் கம்பிதான் இருக்கும். இதற்கென்றே போகிறவருக்கு சுவிட்சர்லாந்தின் லாக்ஸ் போன்ற ஊர்கள் உண்டு. இரண்டும் ஒரே ஊரில் முதல் தரமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாதத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மர்க் பனியில்லாமல் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பனி இருந்தாலும் காற்று விடாது. பாம்பன் ரயில் பாலத்தில் காற்று குறித்த வேகத்தைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நிற்கும். ரோப்காரும் அப்படித்தான். குல்மர்க்கின் இரண்டாம் கட்டம் காற்றுக்கும் பனிச்சரிவு பயத்துக்கும் அடிக்கடி மூடும். மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள் இப்படி வீணாய்ப் போனால் அவ்வளவுதான்.

பாஸ் விஷயத்தில் நான் சூடு பட்டவன். முதல் தடவை ஐரோப்பா போனபோது ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, முழு மலைக்கும் ஆறு நாள் பாஸ் வாங்கினேன். ஆறு நாளும் அடிவாரத்தில் குழந்தைகளோடு விழுந்து எழுந்ததுதான் மிச்சம். அங்கே கற்றுக்குட்டிகளுக்கென்று மலிவான பாஸ் தனியாக இருந்தது கடைசி நாளில்தான் தெரிந்தது. எபிக், ஐகான் மாதிரி பல மலைக்குச் செல்லும் பாஸ்கள் சீசனுக்கு ரொம்ப முன்னால் வாங்கினால்தான் மலிவு. டிசம்பர் வாக்கில் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவின் வேய்ல் போன்ற இடத்தில் உச்ச நாட்களில் கவுன்ட்டர் டிக்கெட் ஒரு நாளைக்கு 300 டாலரைத் தாண்டுகிறது. விலை குறைந்த பாஸ்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்கள் செல்லாமல் போகலாம். கூட்டாளி ரிசார்ட்டுகளில் இத்தனை நாள்தான் என்று வரம்பும் இருக்கும். பாஸ் விலையை நிஜமாகச் சறுக்கப்போகும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஓய்வு நாளையும் காற்று மூடும் நாளையும் கழித்துவிட்டு.

மருமகன் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டான். அப்புறம் ஹோட்டல் பக்கத்தைத் திறந்து, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தான்.