சுவிட்சில் ரேபிட் ஸ்பானிங் ட்ரீ அமைப்பது எப்படி?

இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகளுக்கிடையே ஒரு கேபிள் பழுதானாலும் இணைப்பு நிற்கக் கூடாது என்று இன்னொரு கேபிளையும் போடும்போது ஒரு வளையம் உருவாகிறது. பிராட்காஸ்ட் பிரேம்கள் (எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்படும் தரவுத் துண்டுகள்) அதில் ஓயாமல் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் நெட்வொர்க்கையே முடக்கிவிடும். இதைத் தடுக்க ஸ்பானிங் ட்ரீ ஒரு பாதையை மூடி வைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுகிறது. பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 நொடிகள் வரை ஆகும். 2001-இல் 802.1டபிள்யூ என்ற தரமாக வந்த ரேபிட் முறையில் பெரும்பாலும் ஓரிரு நொடிகளே போதும்.

முதலில், இரண்டாவது கேபிளைச் செருகாமலேயே, எல்லாச் சுவிட்சுகளின் நிர்வாகப் பக்கத்திலும் ஸ்பானிங் ட்ரீயை இயக்கி, ஆர்எஸ்டிபி (ரேபிட் ஸ்பானிங் ட்ரீ) வகையைத் தேர்ந்தெடுங்கள். எதிர்முனையில் பழைய முறையான எஸ்டிபி ஓடினால், அந்தப் போர்ட்டும் பழைய வேகத்துக்கே இறங்கிவிடும்.

அடுத்து, ரூட் சுவிட்சை, அதாவது மற்றச் சுவிட்சுகள் தங்கள் பாதையைக் கணக்கிட மையமாகக் கொள்ளும் சுவிட்சை, நீங்களே முடிவு செய்யுங்கள். என் கருத்தில் இதைவிட முக்கியமான வேலை இதில் வேறில்லை. பிரையாரிட்டி எண் மிகக் குறைவாக உள்ள சுவிட்சே ரூட் ஆகும். எல்லாச் சுவிட்சுகளிலும் அது 32768 என்றே இருந்தால், மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) மிகச் சிறியதாக உள்ள சுவிட்ச் ரூட் ஆகும்; அது மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாகவும் இருக்கலாம். எனவே மையச் சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்க வேண்டியதற்கு 8192 எனக் கொடுங்கள். 4096-இன் மடங்குகள் மட்டுமே ஏற்கப்படும்.

கணினி, பிரிண்டர் போன்றவை இணையும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே இயங்கும் போர்ட்) ஆக்குங்கள். இல்லையெனில் அவை உயிர்பெற 30 நொடி வரை ஆகும். அதற்குள் கணினி ஐபி முகவரி கேட்டுக் களைத்துவிடும். பிபிடியு கார்டு (BPDU Guard: ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) வசதி இருந்தால் அதே போர்ட்டுகளில் அதையும் இயக்குங்கள். யாராவது அங்கே வேறொரு சுவிட்சைச் செருகினால் போர்ட் மூடிக்கொள்ளும். சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் இவை இரண்டும் வேண்டாம். அந்தப் போர்ட்டுகள் முழு டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் கூடிய நிலையில்) ஓடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள், அரை டூப்ளெக்ஸில் ரேபிட் முறையின் வேகம் கிடைக்காது. ஸ்பானிங் ட்ரீயின் நேர அளவுகளான டைமர்களைத் தொட வேண்டாம்.

இப்போது இரண்டாவது கேபிளைச் செருகுங்கள். இரு சுவிட்சுகளிலும் ஒரே வேகமுள்ள 23, 24-ஆம் போர்ட்டுகள் நேருக்கு நேர் இணைந்திருந்தால், ரூட் சுவிட்சில் இரண்டுமே டெசிக்னேட்டட் (தரவை அனுப்பும் போர்ட்) என்று காட்டும். இதைக் கண்டு குழம்ப வேண்டாம். மற்ற சுவிட்சில்தான் 23 ரூட் போர்ட்டாகவும் (ரூட் சுவிட்சுக்குச் செல்லும் வழி), 24 ஆல்டர்னேட் (மாற்று வழி) ஆகி டிஸ்கார்டிங், அதாவது மூடிய நிலையிலும் இருக்கும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருக்கும்போதே 23-இன் கேபிளைக் கழற்றுங்கள்: ஒன்றிரண்டு பதில்கள் தவறலாம், அதற்கு மேல் தவறினால் எங்கோ பழைய முறை ஓடுகிறது என்று பொருள். சரியாக இருந்தால், அமைப்புகளைச் சேமித்துவிடுங்கள். சேமிக்காவிட்டால் மின்சாரம் போய்வந்ததும் பல சுவிட்சுகளில் எல்லாம் அழிந்துவிடும்.