பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் சரியா?

பாலக்கோட்டில் சித்தப்பா வாங்கிய பழைய வீடு. மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய அந்தக் காலத்து வயரிங். ஹால் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே நாலு வயரும் கறுப்பு. “கறுப்புன்னா நியூட்ரல்தானேப்பா, தொடு” என்றார். டெஸ்டர் வைத்தேன், இரண்டில் எரிந்தது, அதாவது அவற்றில் கரண்ட்.

சிவப்பு ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்), பச்சை எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்) என்பது வழக்கம். ஆனால் கையில் மிச்சமிருந்த சுருளை இழுத்துவிட்டுப் போனவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நிறத்தை நம்பவே கூடாது.

டெஸ்டர் எரியாததையும் நம்ப வேண்டாம். வெயில் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கரண்ட் இருப்பது உறுதியான பிளக்கில் முதலில் வைத்துப் பாருங்கள். பழைய மெயினில் நியூட்ரலுக்கும் ஃபியூஸ் இருக்கும். அது போனால் வீடே இருட்டாகும், வயரில் கரண்ட் மட்டும் அப்படியே நிற்கும். சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே கதைதான். சித்தப்பா வீட்டுச் சமையலறையில் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தது. பல்பு மாற்றுவதற்கே மெயினை அணைக்க வேண்டிய வீடு அது.

சரி, எர்த்துக்கு வருவோம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, பளிச்சென்று எரிந்தால் “எர்த் பிரமாதம்” என்பார்கள். இதுதான் பெரிய ஏமாற்று. எரியும் பல்பின் தடை சுமார் 530 ஓம். எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் பல்புக்கு சுமார் 210 கிடைத்துவிடும், நன்றாகவே எரியும். ஆனால் கிரைண்டர் உடம்பில் ஃபேஸ் தொட்டால் அந்த 50 ஓம் வழியாக ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) அசையாது, கிரைண்டர் ஷாக்கோடு காத்திருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை நிலம், கோடையில் குழி காய்ந்தால் தடை இன்னும் ஏறும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் “மாமரத்துக்கே தண்ணி இல்ல” என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். பல்பு வித்தையை விட்டுவிட்டு, எர்த் டெஸ்டர் (எர்த்தின் தடையை அளக்கும் மீட்டர்) வைத்திருக்கும் லைசென்ஸ் எலக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். எர்த் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அது விழுந்து (ட்ரிப் ஆகி) கரண்டை நிறுத்திவிடும்.

அது அடிக்கடி விழுகிறதே என்று கழற்றி எறிவது அடுத்த தவறு. சித்தப்பா வீட்டில் தினமும் பொழுது சாய்ந்ததும் விழுந்தது. “புதுப் பெட்டியே சரியில்ல” என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். தேடிப் பார்த்தால் மாடிப்படி விளக்கு. நியூட்ரல் இழுக்கச் சோம்பல்பட்டு யாரோ எர்த்திலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்துத் தனி நியூட்ரல் கொடுத்த பிறகு ஒருநாளும் விழவில்லை.